சொல் விளக்கம்: கண்காணிப்பு

யாழ்ப்பாணத்தில் மொனிற்றர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வகுப்பறைதான். ஆசிரியர் வெளியே போனதும், கதைக்கிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பிள்ளை. அந்தச் சொல்லின் இலத்தீன் வேருக்கு 'எச்சரி, நினைவூட்டு' என்று பொருள். ஆக, மொனிற்றர் பார்க்கிறவர் மட்டுமல்ல, பார்த்ததை வாய் திறந்து சொல்கிறவரும்கூட.

மொனிற்றரிங்கைத் தமிழில் கண்காணிப்பு என்று எழுதுகிறோம். கண்ணும் காண்பதும் சேர்ந்த பழஞ்சொல். "கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்" என்கிறது திருமந்திரம். அங்கே கண்காணி, எங்கும் நிறைந்த இறைவன். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் அதிகாரி. வெள்ளைக்காரர் காலத்தில் அதே சொல் மலையகத் தோட்டங்களில் கங்காணி ஆனது. 2002இல் போர்நிறுத்தத்தைப் பார்க்க நோர்வே முதலான நாடுகளிலிருந்து வந்தவர்களையும் கண்காணிப்புக் குழு என்றுதான் அழைத்தோம். இத்தனை காலமும் அது மேலிருந்தோ வெளியிலிருந்தோ பார்க்கும் கண்ணாகவே இருந்திருக்கிறது. எச்சரிக்கும் வாய் இந்தச் சொல்லுக்குள் இல்லை.

காபன் சேமிப்பு பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் இது எனக்கு உறுத்தியது. ஆலைகளிலும் எரிவாயு வயல்களிலும் பிரித்தெடுத்த காபனீரொட்சைட்டு வாயுவை, காற்றில் கலக்கவிடாமல் ஆழத்துப் பாறைத் துளைகளுக்குள் செலுத்தி அடைத்து வைப்பதே அந்த முறை. அது கசியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே மொனிற்றரிங். (சேமிப்பு என்பதும் எனக்கு ஒப்பவில்லை. சேமித்ததைத் திரும்ப எடுப்போம். இதை எடுக்கவே கூடாது. நிலத்தடி அடைப்பு என்பது நேராகச் சொல்கிறது.) நோர்வேயின் சிலெய்ப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கடற்படுகைக்கு அடியில் இது நடக்கிறது. ஒலியலையைக் கீழே அனுப்பி, எதிரொலியைக் கொண்டு வாயு எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அல்ஜீரியாவின் இன் சாலாவில், வாயுவைச் செலுத்திய இடத்தில் நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் உயர்ந்ததைச் செய்மதி காட்டிக்கொடுத்தது. அருமையான கருவிகள். ஆனால் அவை பதில் சொல்வது பொறியியலாளரின் கேள்விக்கு.

ஊராரின் கேள்வி வேறு. அது யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்காரருக்கு நன்றாகத் தெரியும். வற்றாத ஆறில்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய நீரை நம்பித்தான் குடியிருப்பு. அங்கே கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது வாளித் தண்ணீரின் மேல் மினுங்கிய படலமும் மூக்கில் ஏறிய மணமும் ஆய்வறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. "இதைப் பிள்ளைக்குக் குடுக்கலாமோ?" என்பதுதான் கேள்வி. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அது பாதிப்புக்குப் பிறகு வந்த தீர்ப்பு.

கனடாவின் சஸ்கச்சுவானில் நடந்ததையும் பாருங்கள். வேபர்ன் எண்ணெய் வயலுக்குள் காபனீரொட்சைட்டைச் செலுத்தி வந்தார்கள். 2011இல் அங்கே ஒரு பண்ணைக் குடும்பம், தங்கள் நிலத்தில் அந்த வாயு கசிகிறது என்று பகிரங்கமாகச் சொன்னது. மண்ணிலுள்ள ஒட்சிசன், நைதரசன், காபனீரொட்சைட்டு விகிதங்களை ஒப்பிட்ட சுயாதீன ஆய்வு, அது மண்ணில் வாழும் உயிர்கள் விடும் மூச்சுத்தான், கசிவில்லை என்று முடிவுசெய்தது. சரி, பயம் வீணாகிவிட்டதா? இல்லை. 'என் வளவுக்கு வருதோ?' என்ற கேள்விக்கும் விடை சொல்லும் அளவீடு வேண்டும் என்பதை அந்தக் குடும்பம் எல்லோருக்கும் உணர்த்தியது. நெதர்லாந்தின் பாரென்றெக்ட் நகரில் வீடுகளுக்கு அடியில் அடைக்க இருந்த திட்டத்தை, மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2010இல் அரசு கைவிட்டது. எதை அளப்பது, எங்கே அளப்பது என்று கருவி வடிவமைக்கும் மேசையிலேயே ஊராரிடம் கேட்டிருக்க வேண்டும். வடிவமைப்பு முடிந்தபின் விளக்கக் கூட்டம் வைப்பது அதற்கு ஈடாகாது.

அப்படியானால் கண்காணிப்பு என்ற சொல்லை விட்டுவிடலாமா? அவதானிப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் தள்ளி நிற்கும் தொனி இன்னும் கூட. எங்கள் பேச்சில் வேறொன்று இருக்கிறது. கொழும்புக்குப் போகிறவர் பக்கத்து வீட்டாரிடம், "வீட்டில ஒரு கண் வைச்சிருங்கோ" என்பார். வீட்டுக்காரரே கேட்டு வைக்கும் கண் அது. கதவு திறந்து கிடந்தால் உடனே தொலைபேசி வரும். மொனிற்றரின் எச்சரிக்கை அதில் உண்டு.

கண்காணிப்பு இருக்கட்டும், அந்தப் பொருளோடு. நான் மொழிபெயர்க்கும்போது ஒன்றில் மட்டும் பிடிவாதம்: 'கண்காணிக்கப்படுகிறது' என்று எழுதமாட்டேன், அதில் கண் யாருடையது என்பது மறைந்துபோகும். 'கிணற்று நீரை மாதம் ஒருமுறை இன்னார் அளப்பார், அளவு மாறினால் அன்றைக்கே வீட்டுக்காரருக்குச் சொல்வார்' என்றே எழுதுவேன்.