சும்மா கிடக்கிற கம்பியா அது?

பழைய வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பித்தால் முதலில் பலியாவது பெரும்பாலும் ஒரு கம்பிதான். கூரைக்குக் கீழே, சுவருக்கும் கர்டருக்கும் (இரும்பு உத்தரம்) நடுவே குறுக்கே ஓடும் விரல் பருமன் இரும்புக் கம்பி. அதன் மேல் எதுவும் உட்கார்ந்திருக்காது. ஃபால்ஸ் சீலிங் போட இடைஞ்சல், பார்க்கவும் அசிங்கம். "சும்மா கிடக்குது சார், அறுத்துடலாம்" என்பார் மேஸ்திரி. வீட்டுக்காரரும் சரி என்பார். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதில் பார்த்த மோசமான விரிசல்களில் சில, அப்படிச் சொன்ன ஒரு சரியில் தொடங்கியவை.

கட்டடத்தில் எந்தப் பாகத்துக்கும் அடிப்படையில் இரண்டே வேலைகள்தான். ஒன்று, தள்ளுவதைத் தாங்குவது. இன்னொன்று, இழுப்பதைத் தாங்குவது. சில பாகங்கள் இரண்டையும் சேர்த்தே செய்யும். வளைந்தவையும் சாய்ந்தவையும் எடையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகின்றன. இதைத்தான் உதைப்பு என்கிறோம். அந்த உதைப்பைத் தடுக்க இரண்டே வழி. வெளியே தடிமனான சுவரோ முட்டுச்சுவரோ நின்று எதிர்த்துத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒரு கம்பி இரண்டு பக்கத்தையும் விலகவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். பெயிண்டர்கள் விரித்து நிறுத்தும் இரட்டைக் கால் ஏணியில், கால்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பார்களே, அந்தக் கயிற்றின் வேலைதான் இந்தக் கம்பிக்கும்.

சிக்கல் என்னவென்றால், இழுவிசையைத் தாங்குவது மெல்லியதாகவே இருக்கும். 12 மி.மீ. கம்பியில் ஒரு டன் எடையைத் தாராளமாகத் தொங்கவிடலாம். அதே கம்பியை ஆள் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்து அதன் தலையில் பாரம் ஏற்றினால், ஒரு ஆளின் எடைக்கே வளைந்து மடங்கிவிடும். தள்ளுவதைத் தாங்கத் தடிமன் வேண்டும், இழுப்பதைத் தாங்க அவ்வளவு தேவையில்லை. நம் கண்ணோ தடித்ததைத்தான் பலம் என்று நம்புகிறது. தூணைத் தொட யாருக்கும் துணிச்சல் வராது. கம்பியை மட்டும் கட்டர் வைத்து இரண்டு நிமிடத்தில் அறுத்துவிடுகிறார்கள்.

பிரிட்டிஷ் காலத்துக் கட்டடங்களில் ஜாக் ஆர்ச் கூரை நிறைய உண்டு. சுமார் 1.2 மீட்டருக்கு ஒரு இரும்பு கர்டர், இரண்டு கர்டருக்கு நடுவே தாழ்வான செங்கல் வளைவு. (தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டும் மெட்ராஸ் டெரஸ் வேறு. அதில் வளைவு இல்லை, இந்த உதைப்பும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பொறியாளர்களையே பார்த்திருக்கிறேன்.) சதுர மீட்டருக்கு மொத்தம் 600 கிலோ பாரம், வளைவின் எழுச்சி (ஓரத்திலிருந்து உச்சி வரை உள்ள உயரம்) 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 720 கிலோ உதைப்பு வருகிறது. 2 மீட்டருக்கு ஒரு கம்பி இருந்தால், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 1.4 டன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுச்சி பாதியானால் உதைப்பு இரட்டிப்பாகும். வளைவு எவ்வளவு தட்டையோ அவ்வளவு ஆபத்து.

நடுவில் இருக்கும் வளைவுகளுக்குப் பிரச்சினை குறைவு. பக்கத்து வளைவு எதிர்த்துத் தள்ளுவதால் சமனாகிவிடும். கடைசி வளைவுக்குத்தான் அந்தப் பக்கம் ஆள் இல்லை, வெறும் சுவர்தான். அதனால்தான் கம்பிகளை ஓரக் கட்டங்களில் போட்டிருப்பார்கள். மாடிப்படி வைப்பதற்காக நடுவில் ஒரு வளைவை உடைத்தாலும் அதே கதைதான். அதன் இரண்டு பக்கத்து வளைவுகளும் ஒரே நொடியில் ஓர வளைவுகளாகிவிடும்.

ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். கூரை அடியில் விரிசல், இரண்டு தடவை புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறதாம். "அஸ்திவாரம் இறங்கியிருக்கும்" என்று காண்டிராக்டர் சொல்லியிருந்தார். அஸ்திவாரம் இறங்கினால் ஜன்னல் மூலைகளிலிருந்து விரிசல் சாய்வாக ஏறும். இங்கே ஜன்னல் மூலைகள் சுத்தமாக இருந்தன. விரிசல் கடைசி வளைவின் உச்சியில், கர்டருக்கு இணையாக, கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது. பத்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே போனது. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் அதே சுவரை ஒட்டித் தளத்தில் இன்னொரு விரிசல். உச்சியில் அடிப்பக்கம் வாய் திறந்து, ஓரத்தில் மேல்பக்கம் வாய் திறந்திருந்தால், சுவர் வெளியே நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். லிண்டல் மட்டத்தில் (ஜன்னலுக்கு மேலே குறுக்கே போடும் உத்தரம்) நூலை ஒட்டி இருந்த சுவர், தளத்துக்கு வரும்போது அரை அங்குலம் வெளியே போயிருந்தது. ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைக் கழற்றச் சொன்னேன். அறுத்த கம்பியின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

முதலில் வளைவுகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்தோம், ஓரத்துக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கட்டத்துக்கும் சேர்த்து. அப்புறம் புதுக் கம்பி, வெளிச்சுவரில் இரும்புத் தகடு, நடுவே முடுக்க ஒரு டர்ன்பக்கிள், அதாவது திருகினால் கம்பியை இறுக்கும் இணைப்பு. விலகிய சுவரை முடுக்கி உள்ளே இழுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். அது கூடாது. பழைய செங்கல் சுவரை வலுக்கட்டாயமாக இழுத்தால் வேறு இடத்தில் பிளக்கும். கம்பி விறைத்து, தட்டினால் கணீரென்று கேட்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். சுவர் இனி நகராமல் நின்றால் சரி. விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைத்தோம்; நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும்.

வெளிச்சுவரில் பூ மாதிரியோ நட்சத்திரம் மாதிரியோ ஒரு இரும்புத் தகடு தெரிந்தால், அது அலங்காரம் இல்லை, கம்பியின் முனை. எலிவேஷன் செய்கிறேன், முகப்பை அழகாக்குகிறேன் என்று அதைப் பெயர்த்தாலும் கம்பியை அறுத்ததாகத்தான் கணக்கு. ரோமில் உள்ள புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தில் விரிசல் கண்டபோது, 1740களில் அதைச் சுற்றிக் கூடுதல் இரும்பு வளையங்கள்தான் பூட்டினார்கள். அவ்வளவு பெரிய குவிமாடத்துக்கும் அதே வைத்தியம்தான்.

ஓட்டு வீடுகளில் கம்பிக்குப் பதில் மரம். ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்களின் அடி விலகாமல் பிடிப்பது குறுக்கே கிடக்கும் விட்டம். தலை இடிக்கிறது, பரண் வேண்டும் என்று அதை அறுத்தால் முகடு தொய்யும், சுவரின் தலை வெளியே சாயும். அறுக்கும் முன் ஒன்று பாருங்கள்: விட்டத்தின் மேல் குத்துக்கால், அதாவது முகட்டைத் தாங்கும் செங்குத்துக் கட்டை, நிற்கிறதா? நின்றால் அது முகட்டின் பாரத்தைச் சுமக்கிறது, அதைத் தொடவே கூடாது. கைமர அடிகளை மட்டும் இணைக்கிறது என்றால், பொறியாளரைக் கேட்டு அதே மட்டத்தில் இரும்புக் கம்பியாக மாற்றலாம். தலைக்கு மேலே இடம் வேண்டும் என்று கம்பியை உயர்த்தி வைத்தால் அதில் இழுவிசை கூடும், கைமரமும் வளையும்.

புது வீடு கட்டுகிறவர்களும் இதே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கான்கிரீட் தள்ளுவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்குவதில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சன்ஷேடிலும் பால்கனியிலும் இழுவிசை மேல்பக்கம் வருகிறது, அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். வேலையாட்கள் மிதித்து மிதித்து அது கீழே போய்விடும். கான்கிரீட் போடும் அன்று காலையிலேயே போய்ப் பாருங்கள். மேல்கம்பியைத் தூக்கி நிறுத்தும் சேர் கம்பிகள் இருக்கின்றனவா, காலால் அழுத்தினால் அமுங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மிக்ஸரை ஓட்டச் சொல்ல வேண்டும்.