புள்ளி இருந்தால் சிறுத்தையா?

கரிமூட்டம் போடச் சீமைக்கருவேலம் வெட்டத் தொடங்கிவிட்டால் என் கைப்பேசி ஓயாது. "டாக்டர், சிறுத்தைக்குட்டி மாட்டிருக்கு" என்று ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கமிருந்து ஒரு வீடியோ வரும். மறுநாள் அதே வீடியோ தொண்டியில் எடுத்தது என்று சுற்றும். போன வாரம் வீடியோ வரவில்லை, அட்டைப்பெட்டியே வந்தது. உள்ளே மூன்று காட்டுப்பூனைக் குட்டிகள். பசும்பால் ஊட்டியதில் வயிற்றால் போய், இரண்டுக்குத் தலை நிற்கவில்லை. தாய் எங்கே என்று கேட்டேன். "சிறுத்தைன்னு நெனச்சு கம்பால அடிச்சுட்டாங்க சார்."

இனி மென்மையாகச் சொல்ல எனக்கு வராது.

நம் கடற்கரைச் சமவெளி சிறுத்தை குடியிருக்கும் இடமில்லை. கருவேலங்காட்டிலும் கண்மாய்க் கோரையிலும் பனங்காட்டிலும் நீங்கள் பார்ப்பது காட்டுப்பூனை. கால் நீளம், வால் குட்டை, வால் நுனி கறுப்பு, காது நுனியில் சின்னதாக ஒரு மயிர்க்கற்றை. வளர்ந்த விலங்கின் உடம்பில் புள்ளியே இருக்காது, மணல் நிறம்தான். ஆனால் குட்டியின் உடம்பில் வரியும் புள்ளியும் தெரியும். வம்பெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

புள்ளி என்பது மறைந்துகொள்ள உதவும் தோல்நிறம். சிங்கக்குட்டி புள்ளியோடுதான் பிறக்கிறது. அமெரிக்காவில் வாழும் பூனைக் குடும்பத்து விலங்கான பூமாவின் குட்டியும் அப்படியே. வளர வளர இரண்டுக்கும் மங்கிவிடும். கருஞ்சிறுத்தை தனி இனம் என்று என்னிடம் வாதாடாதவர் இல்லை. அது கறுப்பு நிறத்தில் பிறந்த சிறுத்தைதான், வெயிலில் நின்றால் அதே புள்ளிகள் தெரியும். காட்டுப்பூனையிலும் கறுப்பு உண்டு. இன்னொரு பக்கம், புனுகுப்பூனைக்கு உடம்பெல்லாம் புள்ளி, பெயரிலும் பூனை, ஆனால் அது பூனைக் குடும்பமே இல்லை. மரநாயோடு சேர்ந்தது. கட்டம் போட்ட கைலி கட்டியவரெல்லாம் ஒரே வீட்டுக்காரர் என்று யாராவது சொல்வார்களா? பூனை விஷயத்தில் மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

அறிவியலாளர்களும் ஒரு காலத்தில் தோலைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். 1758-இல் ஸ்வீடன் அறிவியலாளர் லின்னேயஸ் சிங்கம், புலி, சிறுத்தை, வீட்டுப்பூனை எல்லாவற்றையும் 'ஃபெலிஸ்' என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுப்பில் போட்டார். பிறகு மண்டையோடு, பல், தொண்டை எலும்பு என்று பார்த்துப் பிரித்தார்கள். தோல்நிறம் கொஞ்சம் மாறினாலும் புதுத் துணையினம், அதாவது ஓர் இனத்துக்குள் தனிப் பிரிவு, என்று எழுதிய காலமும் இருந்தது. பூமாவை மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட துணையினங்களாக வெட்டி வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்க்கத் தொடங்கியதும் அதில் பெரும்பாலானவை நிற்கவில்லை. ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பூனை வல்லுநர் குழு 2017-இல் பட்டியலைத் திருத்தியபோது உடலமைப்பு, மரபணு, புவியியல் பரவல் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தது. மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி. அந்தக் கணக்கில் உலகில் 41 பூனை இனங்கள். பூமாவுக்கு இரண்டே துணையினங்கள், புலிக்கும் இரண்டு: ஆசியப் பெருநிலத்தின் புலி ஒன்று, சுமத்ரா, ஜாவா உள்ளிட்ட சுந்தா தீவுகளின் புலி ஒன்று. இதிலும் சண்டை முடியவில்லை. புலியில் ஆறு துணையினம் உண்டு என்று மரபணுவை வைத்தே வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயுள் முழுக்க இதையே படித்தவர்கள் இவ்வளவு தயங்கும்போது, நம் ஆட்கள் மூன்று நொடியில் "சிறுத்தைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

தனுஷ்கோடி மணலில் நின்று பாருங்கள், இலங்கையின் தலைமன்னார் 30 கி.மீ. சுமாருக்குத்தான். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்தபோது இரண்டும் ஒரே நிலம். பின்னர் தண்ணீர் ஏறி நடுவே பிரித்தது. அங்குள்ள சிறுத்தையை 'கோத்தியா' என்றும் இங்குள்ளதை 'ஃபுஸ்கா' என்றும் தனித் துணையினங்களாக வைத்திருப்பதற்குப் பின்னணி அந்தக் கடல்தான். துரும்பன் பூனையும் இரு கரையிலும் உண்டு. ஒன்றரைக் கிலோ எட்டினாலே பெரிசு, உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. 1831-இல் அதற்கு அறிவியல் பெயர் வைக்கப் பயன்பட்ட மாதிரி நம் புதுச்சேரியிலிருந்து போனது. துருநிறப் புள்ளி நிறைய இருக்கும். அதையும் 'சிறுத்தைக்குட்டி' என்று அடிக்காமல் இருந்தால் புண்ணியம்.

அடுத்தது 'கிராஸ்' கதை. வீட்டுப்பூனையும் சிறுத்தையும் சேர்ந்து குட்டி போடாது. கற்பனையிலும் வேண்டாம். காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் சேரும், குட்டியும் பிறக்கும். இரண்டும் ஒரே பேரினம். தெருப்பூனையின் நோய்கள் காட்டுக்குள் போகவும் அதே நெருக்கம் வழிவிடுகிறது. ஆகவே, காட்டோரம் வீடு இருந்தால் உங்கள் பூனைக்குத் தடுப்பூசி போடுங்கள், கருத்தடையும் செய்யுங்கள். இதற்கு மட்டும் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

கருவேலம் வெட்டும்போது குட்டி தென்பட்டால் கை வைக்காதீர்கள். தாய் செத்திருக்காது, இரை தேடப் போயிருக்கும். அந்தப் பக்கத்து வெட்டை அன்றைக்கு நிறுத்தி, ஆட்கள் எல்லாரும் விலகிப் போய்விடுங்கள். இருட்டியதும் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். குட்டி காயப்பட்டிருந்தாலோ, தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருந்தாலோ உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் கொடுக்க வேண்டாம், தண்ணீரும் ஊட்ட வேண்டாம். வீட்டில் வளர்க்கலாம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம் என்று எடுத்துச் சொல்லுங்கள். கீறல் விழுந்தால் மஞ்சள் அப்பாதீர்கள், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.

கோழி போய்விட்டது என்ற கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் காட்டுப்பூனை பெரும்பாலும் தின்பது உங்கள் வயலின் எலியை. கோழியை மாலையிலேயே அடையுங்கள். கூட்டுக்குச் சின்னக் கண்ணுள்ள கம்பிவலை அடித்து, அடியிலும் ஒரு சாண் புதைத்துவிடுங்கள்.