'கோப்பு முடிவு எழுத்து' அன்று, 'உள்ளீடு தீர்தல்'

மதுரையில் நான் பாடம் நடத்தும் ஆய்வகத்தில், "கன்ட்ரோல்-டி என்பது கோப்பு முடிவு எழுத்து" என்று குறிப்பேட்டில் அச்சிட்டிருந்ததை மாணவர்கள் இந்தப் பருவத்திலும் ஒப்பித்தார்கள். கன்ட்ரோல் விசையையும் டி விசையையும் சேர்த்து அழுத்தி, தட்டச்சு செய்யும் உள்ளீடு முடிந்தது என்று நிரலுக்குத் தெரிவிப்பதைத்தான், 'எண்ட் ஆஃப் ஃபைல் கேரக்டர்' என்ற ஆங்கிலத் தொடரைப் பெயர்த்து அப்படி எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும், "கீபோர்டுலதானே சார் தட்டுறோம், இதுல கோப்பு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அந்தத் தொடரை வைத்துக்கொண்டு அவளுக்கு விடை சொல்ல வழியில்லை.

நூலில் கோப்பதைக் குறிக்கும் கோ என்னும் வினையடியில் பிறந்தது கோப்பு. ஃபைல் என்ற ஆங்கிலச் சொல்லும் நூலிழையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. ஆகவே கோப்பு என்ற சொல்லில் குறையில்லை; அதை இங்கே கொண்டுவந்து ஒட்டியதுதான் பிழை.

லினக்ஸ் இயங்குதளத்தில், தட்டியதைத் திருப்பிக் காட்டும் கேட் கட்டளையை இயக்கி, 'மல்லி' என்று தட்டி, என்டரை அழுத்தாமல் கன்ட்ரோல்-டி கொடுத்துப் பாருங்கள். அதே வரியில் 'மல்லி' மறுபடி தோன்றுமே தவிர, நிரல் முடியாது. இன்னொரு முறை அழுத்தினால்தான் முடியும். ஏனெனில், அதுவரை தட்டியதை உடனே நிரலிடம் ஒப்படைக்கும்படி, விசைப்பலகைக்கும் நிரலுக்கும் இடையில் நிற்கும் முனைய இயக்கியைப் பணிப்பதே அந்த விசையின் வேலை. ஒப்படைக்க ஒன்றுமில்லாதபோது நிரலுக்கு ஒரு பைட்டுகூடக் கிடைப்பதில்லை. உள்ளீடு தீர்ந்தது என்று நிரல் அதைக் கொண்டு அறிகிறது. அந்த 'எழுத்து' நிரலைச் சென்றடைவதே இல்லை. எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஆஸ்கிப் பட்டியலில் 4-ஆம் எண்ணுக்குரிய அதன் பெயரும் 'அனுப்புகை முடிவு' என்ற பொருளுடையதே. கோப்பு என்ற பேச்சே அங்கில்லை.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லி தீர்ந்துவிட்டது என்றால், கூடையில் கைவிட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று பொருள். முடிவைக் குறிக்கும் பூ ஒன்று கூடையின் அடியில் கிடக்கிறது என்று பொருளன்று. அதே கூடை மறுபடி நிறையவும் கூடும், முனையத்தில் மறுபடி தட்ட முடிவதைப் போல. 'தீர்வு' என்றால் விடை என்ற பொருள் குறுக்கிடும் என்பதால் 'உள்ளீடு தீர்தல்' என்பதே என் பரிந்துரை.

உண்மையாகவே எழுத்தொன்று முடிவைக் குறித்த இடமும் உண்டு. சிபி/எம் என்ற பழைய இயங்குதளம் கோப்பின் அளவை 128 பைட்டுத் துண்டுகளாகவே கணக்கிட்டதால், கடைசித் துண்டில் உரை எங்கே நின்றது என்று காட்ட 26-ஆம் எண்ணான கன்ட்ரோல்-இசட்டை உரைக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். அளவைப் பைட்டுக் கணக்கில் துல்லியமாக அறிந்த எம்எஸ்-டாஸ் இயங்குதளமும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தது. தொடர்கதையின் கடைசியில் 'முற்றும்' என்று அச்சிடுவதற்கு நிகரான அதை 'முற்றுக்குறி' எனலாம். இயங்கும் முறையால் வேறுபட்ட இரண்டையும் ஒரே தொடரில் அடைப்பவர்கள், ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறார்களே ஒழிய, நிரலை ஒருமுறையேனும் இயக்கிப் பார்ப்பதில்லை.

இதன் கேடு சி மொழிப் பாடத்தில் தெரிகிறது. உள்ளீட்டிலிருந்து ஓர் எழுத்தை வாங்கித் தரும் கெட்சார் என்ற செயற்கூறு, உள்ளீடு தீர்ந்ததும் திருப்பித் தருவது எந்த எழுத்துக்கும் உரியதல்லாத ஓர் எதிர்ம முழு எண், பெரும்பாலும் -1. 'முடிவு எழுத்து' என்று படித்த மாணவர்களோ அதை ஓர் எழுத்தை மட்டுமே கொள்ளும் எழுத்து வகை (char) மாறியில் வாங்குகிறார்கள். சில கணினிகளில் 255 என்ற பைட்டு அம்மாறியில் -1 ஆகிவிடுவதால், அது வந்தவுடனே நிரல் பாதியில் நிற்கிறது. வேறு சிலவற்றில் அம்மாறி எதிர்ம எண்ணைக் கொள்ளாததால், உள்ளீடு தீர்ந்த பின்னும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.