டிஸ்ட்ரோபி: ஊட்டக்கேடா, தசைச்சிதைவா?

மதுரை கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரிக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையொன்றில், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய் ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறையை என்னிடம் நீட்டிக் கேட்டார்: "ஐயா, தசைச்சிதைவுன்னு சொல்றாக. சிதைவுன்னா பய காலு உள்ளுக்குள்ள அழுகிப்போச்சா?" அருகில் நின்ற எட்டு வயதுச் சிறுவனின் கெண்டைக்கால்கள் ஓட்டப்பந்தயக்காரனுடையவைபோல் திரண்டிருந்தன, ஆனால் பெஞ்சிலிருந்து எழும்போது அவன் தன் தொடைகளிலேயே கையை ஊன்றி, படிப்படியாக மேலேறித்தான் நிமிர்ந்தான். அந்தத் தாயின் கேள்வி மருத்துவக் கேள்வி மட்டுமன்று, சொல்லைப் பற்றிய கேள்வியும்கூட. ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் இந்நோயை ஆங்கில மருத்துவம் 'மஸ்குலர் டிஸ்ட்ரோபி' என்று வழங்குகிறது. அப்பெயரின் பின்பகுதி கிரேக்க மூலத்தது. 'டிஸ்' என்பது கேட்டையும் கோளாற்றையும் குறிக்கும் முன்னொட்டு; 'ட்ரோபே' என்பது ஊட்டம். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'ஊட்டக்கேடு' என்றாகும். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1868-இல் இந்நோயை விரிவாக எழுதியபோது இப்பெயரை இடவில்லை; தசை பொய்யாகப் பெருத்துத் தோன்றும் வாதம் என்ற பொருளிலேயே பெயரிட்டார். பின்னர் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப், இக்கேடு தண்டுவடத்திலோ நரம்பிலோ அன்றித் தசையிலேயே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டி, 1891-இல் வெளியிட்ட தம் ஆய்வின் வழியாக 'டிஸ்ட்ரோபி' என்ற பெயரை நிலைபெறச் செய்தார். நோயின் இடத்தை அவர் சரியாகக் கண்டார். பெயரோ ஊட்டத்தைப் பற்றிய பழைய எண்ணத்தைச் சுமந்துகொண்டே வந்துவிட்டது.

உண்மைக் காரணம் 1980-களில்தான் தெளிந்தது. எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணு பழுதுறுவதால் ஒரு புரதம் உருவாகாமல் போகிறது. 1987-இல் அப்புரதத்துக்கு நோயின் பெயரைக்கொண்டே 'டிஸ்ட்ரோபின்' என்று பெயர் வைத்தார்கள். தசை நாரின், அதாவது தசையை ஆக்கும் இழைபோன்ற உயிரணுவின், உட்சட்டகத்தை அதன் மேலுறையோடு பிணைத்து நிறுத்துவது அந்தப் புரதமே. அது இல்லாதபோது தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் உறை கிழிகிறது. கிழிந்து ஒட்டி, ஒட்டிக் கிழிந்து, முடிவில் நார் மடிகிறது. இதில் ஊட்டக் குறைவுக்கு இடமே இல்லை. வாரம் இருமுறை ஆட்டுக்கால் சூப்பும் நாள்தோறும் முட்டையும் கொடுத்தும் பயன் காணாத தாயிடம் போய் 'ஊட்டக்கேடு' என்று சொல்வது, செய்யாத குற்றத்தை அவர்மேல் சுமத்துவதாகும். கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்த்துத் தமிழாக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுதான்.

பெயரின் முன்பகுதிக்கு வருவோம். தசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'மசிள்' என்பதன் இலத்தீன் மூலத்துக்குச் சுண்டெலி என்று பொருள்; தோலுக்கடியில் தசை திரள்வது எலி ஓடுவதுபோல் அப்பெயரை இட்டவர்களுக்குத் தோன்றியது. நாம் கண்டது மீனை. கெண்டைக்கால் என்னும் பெயரில் நடு பருத்து இருபுறமும் ஒடுங்கும் கெண்டை மீனின் வடிவம் இருப்பதாகவே கொள்கிறேன். 'தசை' என்ற எழுத்துவழக்கே எழுத்து இடம் மாறி 'சதை' என்று பேச்சில் வழங்குகிறது. சிவிறி விசிறியானதுபோலவும் ஞிமிறு மிஞிறானதுபோலவும் இதையும் இலக்கண நூலார் காட்டுவார்கள். மதுரைத் தெருக்களில் யாரும் தசை என்பதில்லை. கறிக்கடையிலும் சதை, ஆஸ்பத்திரியிலும் சதைதான்.

அந்தக் கறிக்கடைப் பார்வை எம்.ஆர்.ஐ. படத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது. ஆட்டுத்தொடையைக் குறுக்கே வெட்டினால் சதை தனித்தனித் திரள்களாகவும் இடையிடையே கொழுப்பு வெண்மையாகவும் தெரியுமல்லவா? எம்.ஆர்.ஐ. கத்தியில்லாமல் அத்தகைய குறுக்குவெட்டைக் காட்டுகிறது. எக்ஸ் கதிர் இதில் இல்லை. வலிய காந்தப் புலத்தில் உடலின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வானொலி அலைக்குக் காட்டும் மறுமொழியே படமாகிறது. டி-1 வகைப் படத்தில் நல்ல தசை கருஞ்சாம்பலாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் தோன்றும். கடைக்கு வெளியே வெயிலில் அந்தச் சிறுவனின் படத்தைத் தூக்கிப் பிடித்தபோது, பிட்டத்துப் பெருந்தசையும் உட்தொடைத் தசையும் இருக்கவேண்டிய இடங்களில், வெள்ளையின் நடுவே சாம்பல் கீற்றுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. திரண்டு தெரிந்த கெண்டைக்காலிலும் வெண்மை ஊடுருவியிருந்தது. துஷேன் சொன்ன பொய்ப்பெருக்கம் இதுதான். சதை அழுகவில்லை, மடிந்த நார்களின் இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் வந்து குடியேறிவிட்டன.

எல்லாத் தசையும் ஒரே சீராகக் கெடுவதில்லை என்பதையும் படம் காட்டுகிறது. துஷேன் பெயரால் வழங்கும் இவ்வகையில் தொடையின் குறுக்கே ஓடும் நாடாபோன்ற ஒரு தசை நெடுநாள் தப்பி நிற்கும். இலத்தீனில் அதற்குத் தையற்காரன் தசை என்று பெயர். அக்காலத் தையற்காரர்கள் காலை மடக்கி அமர்ந்து தைத்ததால் வந்த பெயர். புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே மிதி இயந்திரத்தில் தைத்த தையற்காரர்களை மட்டுமே பார்த்த நமக்கு அந்தப் பெயரால் எதுவும் விளங்காது. 'சம்மணத்தசை' என்றால் யாருக்கும் விளங்கும், அதையே பரிந்துரைக்கிறேன்.

எந்தத் தசை கெட்டது, எது தப்பியது என்னும் இந்த அமைப்பு நோய்க்கு நோய் மாறுபடுகிறது. ஜி.என்.இ. மரபணுப் பழுதால் வரும் தசைநோயில், தொடையின் பின்பக்கம் கெட்ட பிறகும் முன்பக்கத்து நாற்றலைத் தசை பெரும்பாலும் காக்கப்பட்டிருக்கும். எந்த மரபணுவை முதலில் சோதிக்கலாம், திசு எடுப்பதானால் எங்கே எடுக்கலாம் என்று முடிவுசெய்ய இது கைகொடுக்கிறது. முழுதும் கொழுப்பாகிவிட்ட இடத்தில் திசு எடுத்து ஒன்றும் அறியமுடியாது. கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் முறையை டிக்சன் என்பவர் 1984-இல் வெளியிட்டார். அதன் வழியாக ஒவ்வொரு தசையிலும் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்றே இன்று அளக்கிறார்கள், புதிய மருந்து நோயின் போக்கைத் தாமதப்படுத்துகிறதா என்பதற்கும் அந்த அளவு சான்றாகிறது. ஆனால் படம் மரபணுச் சோதனைக்கு மாற்றாகாது. தாய்மாமன் யாருக்காவது இப்படி இருந்ததா, பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா என்ற விசாரணையும் அதனால் தேவையற்றுப் போவதில்லை.

இனித் தமிழ்ப் பெயர். செய்தித்தாள்களில் 'தசைநார்ச் சிதைவு' என்று அடிக்கடி வருகிறது. உடலியலில் தசைநார் என்பது தசையை எலும்போடு பிணைக்கும் கட்டு. இந்நோய் தொடங்கும் இடம் அதுவன்று. ஆகவே 'நார்' வேண்டாம். 'தசைத்தேய்வு' அழகான சொல்தான். ஆனால் அதை நரம்பு செயலிழந்தோ, முதுமையிலோ, அசைவின்றிக் கிடந்தோ தசை மெலிவதற்கு ஒதுக்கிவைக்கவேண்டும். புறநானூற்றின் 278-ஆம் பாடல் முதியவளின் தோளை 'நரம்பெழுந்து உலறிய' என்று சொல்கிறதே, அந்த உலர்தல்தான் தேய்வு. தேய்ந்த தசை படத்தில் சிறுத்திருக்கும். சிதைந்த தசையோ தன் உருவத்தைக்கூடக் காத்துக்கொண்டு உள்ளே வேறாகியிருக்கும். 'தசைநலிவு' வலுக்குறைவை மட்டும் சொல்கிறது, காரணத்தைத் தொடவில்லை.

எஞ்சுவது 'தசைச்சிதைவு'. தமிழ்நாட்டு அரசின் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டத்தில் வழங்குவதும் இச்சொல்லே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்நோய் தனி வகையாகவே இடம்பெற்றுள்ளது. கட்டமைப்பு குலைதல் என்பது சிதைவின் நேர்ப்பொருளாதலால், உறை கிழிந்து நார் மடியும் நிகழ்வுக்கு இது கிரேக்கப் பெயரைவிடவும் பொருத்தமானது என்பதே என் முடிவு. குறை ஒன்று உண்டு. பிணம் சிதைந்தது என்றும் சொல்கிறோம்; அந்தத் தாய்க்கு அழுகல் நினைவு வந்ததில் வியப்பில்லை. எனவே அறிக்கையில் 'தசைச்சிதைவு' என்று எழுதுகிற கையோடு, 'தசையின் இடத்தைக் கொழுப்பு பிடித்தல்' என்று ஒரு வரியைச் சேர்த்து எழுதவேண்டும். நான் அவரிடம், "அழுகிப்போகலம்மா, சதை இருந்த எடத்துல கொழுப்பு வந்துருச்சு, நீங்க குடுத்த சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல" என்றேன். அவர் படத்தை வாங்கி, வெள்ளையாக இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மெல்ல உறைக்குள் வைத்தார்.