ஒற்றை லோச் ஏன் ஒளிந்துகொள்கிறது?

சுங்கை சிப்புட்காரர்களுக்கு ஊர்ப் பெயரின் பொருளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஈப்போவிலிருந்து கோலாகங்சார் போகும் வழியில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புற ஊர். வெளியூரில் யாராவது கேட்டால், மலேசியாவில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று சொல்லிக்கொள்வோம். போன வருஷம் எங்கள் கூடத்து மீன் தொட்டியைப் பார்த்தவர்களோ, ஆற்று நத்தையெல்லாம் இங்கே குடிவந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

கடையில் வாங்கிய நீர்ச்செடியில் ஒட்டிக்கொண்டு வந்தவை அவை. திருகாணி மாதிரி நீண்ட கூம்பு ஓடு. உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் இதை மலேசியன் டிரம்பெட் நத்தை என்றுதான் அழைக்கிறார்கள். அந்தப் பெருமையே நமக்கு வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் பெருகும். பெண் நத்தைக்கு ஆண் துணை தேவையில்லை. முட்டையிடாமல் நேரே குட்டிகளாகவே ஈன்றுகொண்டிருக்கும். பகலில் மணலுக்குள் கிடக்கும். ராத்திரி விளக்கை அணைத்ததும் கண்ணாடியில் ஏறும்.

"கிளவுன் லோச் ஒன்னு வாங்கிப் போடு தம்பி. ஒரு மாசத்துல நத்தையக் காணோம்னு நீயே தேடுவ," என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். கிளவுன் லோச் நத்தை தின்னும் ஒரு வண்ண மீன். அண்ணன் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் கணக்குப் பார்த்துத்தான் பேசுவார். சரி என்று ஈப்போவில் ஒரு கடையில் இரண்டங்குலக் குட்டி ஒன்றை வாங்கினேன். ஆரஞ்சு உடம்பு, மூன்று கறுப்புப் பட்டை, சிவந்த வால். வெயில் தாங்காதே என்று காரின் ஏர்கோன் காற்று படும் இடத்தில் பையை வைத்துக்கொண்டு வந்தேன். தொட்டியில் விட்டதும் பில்டர் குழாயின் பின்னால் நுழைந்தது. அதன் பிறகு அது வெளியே வந்து நான் பார்க்கவே இல்லை. பத்துப் பதினைந்து நாளில் உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. செத்துப்போனது. நத்தைகள் சௌக்கியமாக இருந்தன.

ஏன் செத்தது என்று தேடிப் படித்தபோதுதான், நான் செய்த தவறு ஒன்றல்ல என்று தெரிந்தது. ஆனால் முதல் தவறு, எண்ணிக்கை. ஒன்றே ஒன்று வாங்கியது.

லோச் என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நம் அயிரை ஒரு லோச்தான். மதுரைப் பக்கத்துக் குழம்பில் கொதிக்கும் அயிரையும் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் கிளவுன் லோச்சும் தனித்தனிக் குடும்பங்கள் என்றாலும் பங்காளிகள். இரண்டும் கெண்டை மீன் வரிசையில் வருபவை. தரையைத் துழாவும் மீசை, கீழ்நோக்கிய வாய், மணலை அள்ளிச் சலித்துத் துப்பும் பழக்கம் எல்லாம் இரண்டுக்கும் பொது. சமைப்பதற்கு முன் அயிரையைத் தேங்காய்ப்பாலில் உயிரோடு நீந்தவிட்டு, உள்ளே இருக்கும் மண்ணைக் கக்க வைப்பார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். என் தொட்டியைப் பார்க்க அவர் இருந்திருந்தால், எத்தனை பேருக்குக் குழம்பு வரும் என்றுதான் கேட்டிருப்பார்.

கிளவுன் லோச் நம் தீபகற்பத்து மீனல்ல. சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஓடும் பெரிய ஆறுகள்தான் அதன் வீடு. டச்சு மருத்துவரும் மீனியல் அறிஞருமான பீட்டர் பிளீக்கர் 1852-ல் அதை முதன்முதலாக விவரித்தார். 2004-ல் மொரீஸ் கொட்டெலா அதற்கென்று தனிப் பேரினம் வகுத்ததிலிருந்து அதன் பெயர் குரோமோபோட்டியா மேக்ரகாந்தஸ். மேக்ரகாந்தஸ் என்றால் பெருமுள். அந்த முள்ளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சந்தைக்கு வரும் குட்டிகளில் பல ஆற்றில் பிடித்தவை. மூங்கில் குழாய்களைத் தண்ணீரில் போட்டு வைத்தால் போதும், ஒளிய நல்ல இடம் என்று அவையே கும்பலாக வந்து நுழைந்துகொள்ளும். ஒளிவதும் கும்பல் சேர்வதும் அவற்றின் பிறவிக் குணம். ஒளியும்போதுகூட ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் ஒளியும்.

ஏன் அப்படி? இதற்கு விடை தேட தேனீக்காரர் ஒருவரிடம் போக வேண்டும். தேனீக்களின் நடன மொழியை ஆராய்ந்து 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வொன் பிரிஷ், அதற்கு வெகுகாலம் முன்பே, 1938-ல், மீன்களைப் பற்றி ஒரு செய்தியை வெளியிட்டார். காயம்பட்ட ஒரு மின்னோ மீனைக் கூட்டத்தோடு சேர்த்தால் கூட்டமே வெருண்டு ஓடியது. காயத்தைப் பார்த்து அல்ல, மோந்து. அந்த மீன்களின் தோலில் உள்ள சில செல்களுக்குள் ஒரு பொருள் அடைபட்டிருக்கிறது. தோல் கிழிந்தால்தான் அது தண்ணீரில் கலக்கும். மற்ற மீன்களின் மூக்குக்கு அது எட்டியதும், எங்கோ ஒருவன் கடிபட்டுவிட்டான் என்று பொருள். கெண்டை, கெளுத்தி, லோச் எல்லாம் அடங்கிய பெருங்குழுவில் பரவலாகக் காணப்படும் ஏற்பாடு இது.

இந்த அச்சப் பொருளை வைத்து வரிக்குதிரை மீன்களிடம் பின்னாளில் சோதனை செய்தார்கள். தனியாக இருந்த மீன், பொருள் கலந்ததும் அசையாமல் உறைந்துபோனது. தன் இனத்து மீன்கள் கண்ணாடிக்கு அப்பால் கண்ணில் பட்டபோது உறைவது வெகுவாகக் குறைந்தது. ஆபத்து அதேதான், தண்ணீரில் இருந்த பொருளும் அதேதான். அருகில் நாலு பேர் இருந்ததால் பயத்தின் அளவு மாறிவிட்டது. சாவு வீட்டில் கூட வந்து உட்காரும் சனங்களுக்கு இது புதுச் செய்தியல்ல.

கூட்டத்து மீனான லோச் தனியாக இருந்தால், அதற்குச் சைகை தர யாரும் இல்லை. வெளியே வந்து உலவினால் ஆபத்தில்லை என்பதை ஒரு லோச் இன்னொரு லோச்சைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. யாரும் உலவாத இடம் அதற்கு ஆபத்தான இடம். ஆகவே ஒளிகிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை. பயம் நீடித்தால் மீனின் உடம்பிலும் நம் உடம்பில் சுரக்கும் அதே கார்டிசால் ஹார்மோன் ஏறுகிறது. ஓட வேண்டிய ஐந்து நிமிடத்துக்கு அது உதவும். நாள்கணக்கில் நீடித்தால் நோயெதிர்ப்பைத் தின்றுவிடும். ஏர்கோனில் குளிர்ந்துபோன பையில் வந்து, உடனே 28 டிகிரித் தண்ணீரில் விழுந்த அதிர்ச்சி வேறு.

வெள்ளைப் புள்ளி அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது. இக்தியோப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் வேலை. மீனின் தோலுக்கு அடியில் புகுந்து தின்று பருக்கும்போது அதைத்தான் நாம் புள்ளியாகப் பார்க்கிறோம். பருத்ததும் மீனை விட்டு உதிர்ந்து அடியில் ஒட்டி, கூடு கட்டி, உள்ளேயே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் குட்டிகளாகும். அவை நீந்திப்போய் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் சாவு. மருந்து வேலை செய்வது இந்த நீந்தும் பருவத்தில் மட்டும். தோலுக்குள் இருக்கும் புள்ளியை எந்த மருந்தும் தொடாது. புள்ளி மறைந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறவர்கள், கூடு உடையும் நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

லோச்சுக்கு இது எளிதில் வரக் காரணம் அதன் தோல். செதில்கள் மிகச் சிறியவை, தோலில் புதைந்தவை. தொட்டால் வழவழவென்று இருக்கும். அதே காரணத்தால் செம்பு, ஃபார்மலின் கலந்த மருந்துகள் அதைக் கடுமையாகத் தாக்கும். அனுபவசாலிகள் பாதி அளவுதான் போடுவார்கள். கூடவே தண்ணீரை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றுவார்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் வாழ்க்கை வேகமாக ஓடி, மருந்து தொடும் பருவத்துக்குச் சீக்கிரம் வந்து சேரும். நம் ஊரில் அதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம், கூடத்தில் மின்விசிறியை நிறுத்தினாலே பாதி தூரம் வந்துவிடும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் கரைந்தால், 30 டிகிரியில் 7.5. ஓடும் ஆற்று மீனுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும், காற்றுப் பம்பைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது முறை ஆறு குட்டிகளை ஒன்றாக வாங்கினேன். இரண்டு மூன்று போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். போதாது. லோச் கூட்டத்தில் மேல் கீழ் உண்டு. பெரியதாக இருப்பது, பெரும்பாலும் பெண், தலைமை ஏற்கும். அடிக்கடி உரசல் வரும். இரண்டே இருந்தால் பெரியதின் கோபமெல்லாம் ஒன்றின் தலையில் விடியும், அதற்கு இடைவேளையே கிடையாது. ஆறில் அது பங்கு போய்விடும். சண்டை நடக்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மீனும் ஆரஞ்சு மங்கி, பட்டை வெளிறி, சாம்பல் பூத்துவிடும். தோலின் கறுப்புச் செல்லுக்குள் நிறமித் துகள்கள் விரிந்து பரவியிருந்தால் கருமை, நடுவில் குவிந்தால் வெளிறல். நரம்பும் ஹார்மோனும் அதை நொடிகளில் மாற்றும். சண்டை முடிந்ததும் பழைய சாயம் திரும்பிவிடும். முதல் தடவை பார்த்தபோது நோய் என்று பதறி மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன்.

ஆறையும் நேராகத் தொட்டியில் விடவில்லை. நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்தேன். ஆற்றிலிருந்து வந்தவை குடற்புழுவோடு வரக்கூடும். நன்றாகத் தின்றும் முதுகு கத்தி போல ஒடுங்கினால் அதுதான் அடையாளம். பிறகு ஒரு சாயங்காலம், விளக்கை அணைத்துவிட்டு, பெரிய தொட்டியின் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, பிளாஸ்டிக் குவளையில் மொண்டு விட்டேன். வலை போடவில்லை. இங்கேதான் அந்தப் பெருமுள் வருகிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் கீழே இரட்டை நுனி முள் ஒன்று மடங்கிக் கிடக்கும். பயந்தால் பேனாக்கத்தி போல விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் அது சிக்கினால் இழுக்க இழுக்கத் தோல் கிழியும். தோல் கிழிந்தால் வொன் பிரிஷ் கண்ட அச்சப் பொருள் தண்ணீரில். புது வீட்டுக்கு வரும் முதல் நிமிடத்திலேயே ஆறு பேருக்கும் அபாய மணி அடிப்பதற்குச் சமம்.

தொட்டியும் பழகியதாக இருக்க வேண்டும். மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரில் குடியேறி நிலைக்கப் பல வாரங்கள் ஆகும். அதற்கு முன் லோச்சை விட்டால் முதலில் போவது அதுதான். எங்கள் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். முழுக்க நிரப்பினால் ஏறத்தாழ 680 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 680 கிலோ. மாடி வீட்டுக்காரர்கள் யோசித்துச் செய்யவும். இது ஆடம்பரமல்ல. இரண்டங்குலமாக வாங்கும் குட்டி தொட்டியிலேயே இருபது சென்டிமீட்டரைத் தொடும், ஆற்றில் முப்பதுவரை. இருபது வருஷத்துக்கு மேலும் வாழும். முதலாம் படிவம் போகும் பிள்ளைக்கு வாங்கித் தந்தால், அந்தப் பிள்ளையின் பிள்ளையும் அதற்குத் தீனி போடும்.

கூட வாழ்பவர்கள் விஷயத்தில் எங்கள் வீட்டில் வம்பு இல்லை. லம்பாம், ராஸ்போரா, இரண்டு குராமி. கூர்மையான கல்லுக்குப் பதில் நைஸ் மணல், மீசை தேயாமல் இருக்க. வெட்டிய பி.வி.சி. குழாய்கள் பார்க்க அசிங்கம்தான், ஆனால் ஆறும் ஒரே குழாய்க்குள் அடைந்து, ஆறு மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காட்சிக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். சண்டைக்கார மீனான பிளவர்ஹார்ன் வளர்ப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். இறால் குட்டிகளும் தப்பாது.

நத்தைக்கு வருவோம். லோச்சின் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. குட்டி நத்தையை ஓட்டோடு நொறுக்கிவிடும். பெரியதை, ஓட்டின் வாய்க்குள் மூக்கை நுழைத்து உறிஞ்சி எடுக்கும். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சிப்புட் செடுட் சாப்பிட்டவர்களுக்கு இந்த வித்தையை விளக்க வேண்டாம், செடுட் என்றாலே உறிஞ்சுவதுதான். கெட்டி ஓடும் இறுகிய மூடியும் உள்ள முதிர்ந்த டிரம்பெட் நத்தைகள் பல தப்பித்துக்கொண்டன. குட்டிகள் தப்பவில்லை. தனியாக இருந்த லோச் இரண்டு வாரத்தில் ஒரு நத்தையையும் தொடவில்லை. இந்த ஆறு பேரும் மூன்றாம் நாளே மணலைக் கிளற ஆரம்பித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்ந்திருந்தேன். அண்ணன் கூடத்திலிருந்து கூப்பிட்டார். "தம்பி, ஓடி வா. ஆறும் செத்து மிதக்குது. இல்ல, மிதக்கல... அடியில கிடக்குது."

ஒருக்களித்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, காலி ஓடுகளுக்கு நடுவே படுத்திருந்தன. கிளவுன் லோச் தூங்குவது அப்படித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. கண்ணாடியில் விரலால் தட்டினார். உள்ளே டக், டக் என்று சத்தம் கேட்டது. லோச்கள் தின்னும்போதும் உரசும்போதும் எழுப்பும் அதே சத்தம். பெரியது நிமிர்ந்து, அவர் விரலருகே ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் மற்ற ஐந்துக்கும் நடுவே சாய்ந்துகொண்டது.