வொர்க்கரைக் கூட்டும் முன், வரிசை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இரவு 2 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு, 23-ஆம் வொர்க்கர் (வேலைகளை எடுத்துச் செய்யும் நிரலின் ஒரு பிரதி), செய்ய வேண்டிய வேலைகள் காத்திருக்கும் வரிசையிலிருந்து ஒரு மெசேஜை எடுக்கிறது. அதற்குள் 20 வாடிக்கையாளர்களின் மாத பில் வேலை. முதல் பில் 2:14:09-க்கே போய்விட்டது. சரியாக 2:14:37-க்கு, 51-ஆம் வொர்க்கர் அதே மெசேஜை எடுக்கிறது; அதே முதல் வாடிக்கையாளருக்கு இன்னொரு பில் போடுகிறது, வேறு எண்ணில். லாக் ஃபைலில் இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 16 ஆக இருந்த வொர்க்கர் எண்ணிக்கையை 64 ஆக்கியது நான்தான்.

ஓட்டத்தை நிறுத்தக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே மாதத்து பில் இரண்டு தடவை போயிருந்தது. மென்பொருள் எங்கும் உடையவில்லை, ஒரு எர்ரர் கூட இல்லை. ஒவ்வொரு வொர்க்கரும் தனக்குச் சொன்னதைச் சரியாகத்தான் செய்தது. இதனால்தான் இதை விரிவாக எழுத நினைத்தேன். பல வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் ஓடும் இணைச் செயலாக்கத்தில் வரும் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான், சத்தமே இல்லாமல் வரும்.

முதலில், அந்த வேலை ஏன் இணைச் செயலாக்கத்துக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மாதம் 40,000 பில். ஒரு பில்லுக்கு 900 மில்லி விநாடி. வாடிக்கையாளர் சேவையிடம் விவரம் கேட்க 200, கட்டண சேவையிடம் கேட்க 250, வரி கணக்கிடும் சேவைக்கு 300, பிடிஎஃப் தயாரிக்க 120, கடைசியில் பில் எண் வாங்க 30. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 36,000 விநாடி, அதாவது 10 மணி நேரம். மாலையில் தொடங்கினால் விடிந்தாலும் முடியாது. இன்னும் வேகமான சிபியு வாங்கினால் தீருமா என்றால், தீராது. சிபியுவின் கடிகார வேகம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்த காலம் முடிந்து வெகுநாள் ஆகிறது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் 2004-லேயே கைவிட்டது. அதற்குப் பிறகு கிடைத்தது பெரும்பாலும் கூடுதல் கோர்கள்தான் (ஒரே சிபியுவுக்குள் தனித்தனியாக இயங்கும் பகுதிகள்). தவிர, மேலே சொன்ன 900-ல் 750 மில்லி விநாடி அடுத்த சேவையின் பதிலுக்காக வெறுமனே காத்திருக்கும் நேரம். அந்தக் காத்திருப்பில் இன்னும் 15 பில்களைத் தொடங்கியிருக்கலாமே!

அப்படித்தான் 16 வொர்க்கர் போட்டோம். 10 மணி நேரம் 40 நிமிடத்துக்குள் வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. 16-க்கு 40 நிமிடம் என்றால் 64-க்கு 10 நிமிடம் என்று நான் கணக்குப் போட்டேன். அங்கேதான் சறுக்கியது.

பில் எண் இடைவெளி இல்லாமல் வரிசையாக வர வேண்டும் என்பதால், எண்ணைத் தரும் ஒரே ஒரு பதிவை டேட்டாபேஸில் பூட்டித்தான் எடுப்போம். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அந்தப் பூட்டு கிடைக்கும். ஒவ்வொருவரும் 30 மில்லி விநாடி வைத்திருப்பார். அப்படியானால், எத்தனை வொர்க்கர் இருந்தாலும் விநாடிக்கு 33 பில்லுக்கு மேல் அந்த வாசலைத் தாண்டவே முடியாது. 40,000 பில் தாண்ட 20 நிமிடம். 64 இல்லை, 640 போட்டாலும் அதே 20 நிமிடம்தான்.

இதைக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பிரிக்கவே முடியாத பகுதி எவ்வளவு என்பதுதான் மொத்த வேகத்துக்கு உச்சவரம்பு. 5 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால், எத்தனை இயந்திரம் வைத்தாலும் 20 மடங்குக்கு மேல் போகாது. எங்களுடையது 900-ல் 30, அதாவது 30-ல் 1 பங்கு. எனவே உச்சம் 30 மடங்கு. விதி எனக்குத் தெரியாதது இல்லை. என் வேலையில் அந்த ஒரு பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடத்தான் இல்லை.

சரி, வேகம் கூடவில்லை என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. பில் எப்படி இரண்டு தடவை போனது?

இங்கே இன்னொரு விதி வருகிறது. வரிசைகளைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை என்பது, ஒரு விநாடிக்கு முடியும் வேலைகளை ஒரு வேலை எடுத்துக்கொள்ளும் நேரத்தால் பெருக்கினால் வருவது. உள்ளே 64 பேர். விநாடிக்கு வெளியே போவது 33 பேர். அப்படியானால் ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் நேரம் 1.92 விநாடி! முன்பு 0.9 விநாடியில் முடிந்த பில், வொர்க்கரைக் கூட்டியதால் இரண்டு மடங்குக்கும் மேல் இழுத்தது. கூடுதல் நேரம் முழுவதும் பூட்டு வாசலில் நிற்பதிலேயே போனது.

இப்போது வரிசைக்கு வருவோம். வரிசையிலிருந்து ஒரு மெசேஜை ஒரு வொர்க்கர் எடுத்தால், அது மற்றவர்கள் கண்ணில் படாமல் குறிப்பிட்ட நேரம் மறைந்திருக்கும். அதற்குள் ‘முடித்துவிட்டேன்’ என்ற பதில் வராவிட்டால், அந்த வொர்க்கர் செத்துவிட்டது என்று எண்ணி, வரிசை அதை இன்னொருவருக்குத் தந்துவிடும். எங்கள் வரிசையில் அந்த நேரம் 30 விநாடி. முன்பு 20 பில் கொண்ட மெசேஜ் 18 விநாடியில் முடிந்தது, கவலையே இல்லை. 64 வொர்க்கருடன் அதே மெசேஜ் 38 விநாடி எடுத்தது. 30-ஆவது விநாடியில், முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும்போதே, வரிசை அதைத் தூக்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டது. 2:14:07-க்கும் 2:14:37-க்கும் நடுவே இருந்தது அந்த 30 விநாடிதான். அந்த அடுத்தவர் முதல் பில்லிலிருந்து தொடங்கினார். எல்லாமே இன்னொரு முறை, புது எண்களோடு.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு துண்டுத் தாளில் போட்டுவிடக்கூடியது. எந்தக் கருவியும் வேண்டாம். 64 என்று மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். இளைய பொறியாளர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: எண்ணை மாற்றும் முன், அந்த எண்ணோடு ஓடினால் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்தை நம்பி வேறு எந்த டைம்அவுட் (அந்த 30 விநாடி போன்ற காத்திருப்புக் கெடு) உட்கார்ந்திருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

டைம்அவுட்டை 30-லிருந்து 120 ஆக்கினால் போதாதா என்று அன்று பலரும் கேட்டார்கள். போதாது. வொர்க்கர் வேலையின் நடுவில் உண்மையிலேயே செத்துப்போகும் நாள் வரத்தான் செய்யும். அமேசானின் வரிசைச் சேவையான எஸ்கியூஎஸ் வழக்கமான வரிசையில் தருவது ‘ஒரு முறையாவது கொண்டு சேர்ப்பேன்’ என்ற உறுதியைத்தான், ‘ஒரே முறை’ என்பதை அல்ல. எனவே ஒரு வேலை இரண்டு தடவை வந்தாலும் விளைவு ஒரு தடவைதான் இருக்க வேண்டும். அதற்கு நாங்கள் செய்தது மிகச் சாதாரணமான விஷயம். பில் அட்டவணையில் வாடிக்கையாளர் எண்ணும் மாதமும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்று ஒரு யூனிக் கட்டுப்பாடு. பில் வேலையைத் தொடங்கும்போதே அந்தப் பதிவை எழுத முயல வேண்டும். ஏற்கெனவே இருந்தால், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, மீதியை மட்டும் செய்ய வேண்டும். நிரல் என்று பார்த்தால் மிகக் கொஞ்சம். என்னைக் கேட்டால், இது இல்லாத எந்த வேலையையும் இரண்டாவது வொர்க்கரிடம் கொடுக்கவே கூடாது.

‘முதலில் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது’ என்று நிரலில் எழுதினால் மட்டும் போதாதா என்றும் கேட்பார்கள். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். ஒரே வொர்க்கர் இருந்த காலத்தில் அந்த இடைவெளி இருந்தும் தெரியாது. 16 வந்ததும் தெரியும். அந்தப் பொறுப்பை டேட்டாபேஸிடமே விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த எண் பூட்டு. எண்களை நூறு நூறாக ஒவ்வொரு வொர்க்கருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்பது வழக்கமான யோசனை. பல வேலைகளுக்கு அது போதும். எங்களுக்கு இடைவெளி வரக்கூடாது. ஒரு பில் தோற்றால் அந்த எண் வீணாகும். அதனால் வேலையையே மூன்றாக வெட்டினோம். முதலில் விவரம், கட்டணம், வரி எல்லாம் இணையாக. எந்தெந்த பில்கள் சரியாக வந்தன என்று தெரிந்த பிறகு, அத்தனைக்கும் ஒரே எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மொழி) கட்டளையில் எண். 40,000 தடவை பூட்டித் திறந்தது ஒரே தடவையானது. பிறகு பிடிஎஃப், திரும்பவும் இணையாக. பிரிக்க முடியாதது என்று நினைத்த பகுதி, இடம் மாற்றி வைத்ததும் ஒரு பொருட்டாகவே இல்லாமல் போனது.

வெட்டிய பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரே கட்டணத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். நாங்களோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கட்டண சேவையைத் தட்டிக்கொண்டிருந்தோம். தொடக்கத்திலேயே எல்லாத் திட்டங்களையும் ஒரு முறை வாங்கி வைத்துக்கொண்டதும், பில்லுக்கு 250 மில்லி விநாடி அப்படியே மறைந்தது. இந்த மிச்சத்துக்கு ஒரு வொர்க்கர் கூட தேவைப்படவில்லை.

காத்திருக்கும் வேலையையும் கணக்குப் போடும் வேலையையும் ஒரே வொர்க்கர் கூட்டத்தில் போடாதீர்கள். வரி சேவையின் பதிலுக்காகக் காத்திருப்பதற்கு சிபியு வேண்டாம். கோர் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு வொர்க்கர் வைக்கலாம். பிடிஎஃப் தயாரிப்பு முழுக்க சிபியு வேலை. 8 கோர் இயந்திரத்தில் 8-க்கு மேல் போட்டால் ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பில் ஓட்டம் இரவு வேலை. பகலில் ஆட்கள் திரைமுன் காத்திருக்கும் சேவைகளிலும் இதே கதைதான், வேறு வடிவில். ஒரு பக்கத்தைக் காட்ட ஐந்து சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறீர்கள்: 120, 80, 200, 90, 60. மொத்தம் 550 மில்லி விநாடி. ஒன்றின் பதில் இன்னொன்றுக்குத் தேவையில்லை என்றால், ஐந்தையும் ஒரே நேரத்தில் கேளுங்கள், 200-ல் முடியும். இதற்கு ஒரு விலை உண்டு. ஐந்தில் எது மெதுவோ அதன் வேகம்தான் உங்கள் வேகம். ஒவ்வொரு சேவையும் 100-ல் ஒரு தடவை திணறும் என்றால், ஐந்தைக் கேட்கும் பக்கம் 100-ல் ஏறக்குறைய 5 தடவை திணறும். 100 சேவைகளைக் கேட்டால் 63 தடவை. கூகிளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-ல் எழுதிய கட்டுரையில் இந்த 63-ஐத்தான் காட்டினார்கள். அதனால் பக்கத்துக்கு உயிரான சேவை எது, வராவிட்டாலும் பக்கத்தைக் காட்டிவிடக்கூடிய சேவை எது என்று முன்பே பிரித்து, பின்னதற்குக் குறுகிய டைம்அவுட் வையுங்கள்.

டேட்டாபேஸ் கனெக்ஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இயல்பாக அனுமதிக்கப்படும் கனெக்ஷன்கள் 100. உங்கள் சேவையின் ஒவ்வொரு பிரதியும் 20 கனெக்ஷனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பிரதிகள் வரை நிம்மதி. கூட்டம் அதிகமானது என்று தானாகவே ஆறு பிரதிகளாகப் பெருகினால் 120 கேட்கும். உதவிக்கு வந்த பிரதிகளே மற்றவர்களுக்கு வாசலை அடைத்துவிடும். மேலே எத்தனை பிரதி வரை பெருகலாம் என்பதைக் கீழே இருக்கும் டேட்டாபேஸ்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரிசை ஒழுங்கு முக்கியமான வேலைகளில் காஃப்கா போன்ற மெசேஜ் அமைப்புகளில் பார்ட்டிஷன் (வரிசையின் தனித்தனிப் பிரிவு) எண்ணிக்கையைப் பாருங்கள். 12 பார்ட்டிஷன் இருந்தால், ஒரே குழுவில் 13-ஆவதாக வரும் கன்சூமர் (மெசேஜை எடுக்கும் வொர்க்கர்) சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு வாடிக்கையாளரின் எல்லா மெசேஜ்களும் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும்படி அவருடைய எண்ணையே கீயாக (பார்ட்டிஷனைத் தீர்மானிக்கும் அடையாளமாக) வைத்தால், ‘கணக்கை மூடு’ என்பது ‘கணக்கைத் திற’ என்பதற்கு முன் ஓடிவிடும் ஆபத்து இல்லை.

இரட்டை பில் போனவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினோம். அதை எழுதியதும் நான்தான். அடுத்த மூன்று மாதமும் ஓட்டம் முடியும் வரை உட்கார்ந்து பார்த்தேன்.

இப்போது அந்த வேலை 20 நிமிடத்துக்குள் முடிகிறது. வரி சேவைக்கு ஒரே நேரத்தில் 20 அழைப்புகளுக்கு மேல் போகாதபடி ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். அந்தக் குழு தாங்கும் என்று சொன்ன அளவு அது. 20 அழைப்பு, ஒவ்வொன்றும் 300 மில்லி விநாடி என்றால் விநாடிக்கு 66 பில். 40,000-க்கு 10 நிமிடம். முழு ஓட்டத்தையும் 10 நிமிடத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று போன வாரம் கேட்டார்கள். எங்கள் வொர்க்கர் எண்ணை நான் தொடவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, வரி சேவைக் குழுவினரிடம் பேசப் போயிருக்கிறேன்.