சாயத்தண்ணீரும் சுற்றாடல் அனுமதிப்பத்திரமும்: மருதமுனை நெசவாளருக்கு

தறி வைத்திருப்பது ஒன்று, நூலுக்குச் சாயம் தோய்ப்பது வேறொன்று. தோய்த்த தண்ணீர் கொட்டிலை விட்டு வெளியேறும்போது இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் வந்து நிற்கும். பட்டியலிடப்பட்ட தொழில்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடத்தக் கூடாது என்ற விதி 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது. அந்தப் பட்டியல் ஏ, பி, சி என்று மூன்று பகுதி. கழிவு அதிகமான தொழில்களை மத்திய சுற்றாடல் அதிகாரசபை பார்க்கும். சி பகுதிச் சிறு தொழில்கள் உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியவை. மருதமுனையில் அது கல்முனை மாநகர சபை, காத்தான்குடியில் நகர சபை. உங்கள் கொட்டில் எதில் அடங்கும் என்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஆட்களின் எண்ணிக்கை, நாளொன்றுக்குச் செலவாகும் தண்ணீர் லீற்றர், சாய வகை மூன்றையும் எழுதிக் கொடுத்துப் பதிலை எழுத்திலேயே வாங்குங்கள்.

விண்ணப்பத்தோடு வியாபாரப் பதிவு, காணி உறுதி அல்லது குத்தகை ஒப்பந்தம், வரைபடம், கழிவுநீரை என்ன செய்கிறீர்கள் என்ற விபரம் ஆகியவை வேண்டும். பரிசோதனைக் கட்டணம் கட்டியபின் அதிகாரிகள் இடம் பார்க்க வருவார்கள். பெரும்பாலும் இழுபடுவது அந்தக் கழிவுநீர் விபரத்தில்தான்.

2008இல் வர்த்தமானியில் வந்த நெசவுக் கழிவுநீர் எல்லைகளின்படி, ஆறு, வாவி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் நீரின் பீஎச் (அமில, கார அளவு) 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். லீற்றருக்கு நீரில் கரையாமல் தொங்கும் திண்மம் 50 மில்லிகிராம், உயிரிரசாயன ஒட்சிசன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசன்) 60, இரசாயன ஒட்சிசன் தேவை (இரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஒட்சிசன்) 250 என்பவை உச்சம். நிறத்தையும் கருவி வைத்தே மூன்று அலைநீளங்களில் அளப்பார்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் போதாது. உங்கள் பத்திரத்தில் எழுதியுள்ள எண்களே உங்களைக் கட்டுப்படுத்தும்.

சுத்திகரிப்புக்கு முன், எந்தச் சாயம் என்று பாருங்கள். ஹைட்ரோசல்பைட்டும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்துத் தோய்க்கும் வற் சாயம் காற்றுப் பட்டால் கரையாத தூளாக மாறும். தொட்டியில் காற்று ஊதிப் படிய விட்டாலே பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். உப்பும் சோடாவும் போடும் ரியாக்டிவ் சாயம் அப்படியல்ல: நூலில் பிடிக்காத பங்கு நன்றாகக் கரைந்தே கிடக்கும், அழுக்கைத் திரட்டிப் படிய வைக்கும் படிகாரத்துக்கும் எளிதில் மசியாது. இதைத் தெரியாமல் பக்கத்துக் கொட்டிலின் அளவைப் பார்த்துப் போடுவதால்தான் படிகாரம் வீணாகிறது.

அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் 10 கிராம் படிகாரத்தைக் கரையுங்கள். ஐந்து போத்தல்களில் ஒவ்வொரு லீற்றர் கழிவுநீர் எடுத்து, பீஎச்சை 6க்கும் 7க்கும் இடையில் கொண்டுவந்து, கரைசலை 10, 20, 30, 40, 50 மில்லிலீற்றர் என விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாக, பிறகு கால் மணிநேரம் மெதுவாகக் கலக்கி, அரை மணிநேரம் அசையாமல் வையுங்கள். 30 மில்லிலீற்றர் விட்ட போத்தலே முதலில் தெளிந்தால் 1000 லீற்றர் தொட்டிக்கு 300 கிராம். பீஎச் தப்பினால் எவ்வளவு கொட்டினாலும் திரளாது. சாயத்தண்ணீர் காரமாக இருப்பதால் இந்த இடத்தில்தான் அதிகம் பிழை நேர்கிறது. எதிலும் தெளியாவிட்டால் பெரஸ் சல்பேட்டையும் சுண்ணாம்பையும் பீஎச் 9 அளவில் இதேபோல் சோதியுங்கள். மிஞ்சும் நிறத்துக்கு மணல் வடியும் அதன் பின்னால் கரி வடியும் வேண்டும்.

உப்பு இவை எல்லாவற்றையும் கடந்து போய்விடும். நம் கரையோர மணலில் ஊறுகுழி வெட்டி விட்டால் அது வீட்டுக் கிணற்றுக்கே வரும். கிணறு ஆழமில்லை, கரைந்த உப்பை மணல் தடுத்து நிறுத்தாது. அதனால் சாயத்தொட்டித் தண்ணீரையும் அலசு தண்ணீரையும் வேறு வேறாகப் பிடியுங்கள். கடைசி அலசு தண்ணீர் அடுத்த நூலின் முதல் அலசலுக்கு உதவும். செறிந்த சாயத்தண்ணீர் அளவில் கொஞ்சம்தான். அதைத் தனியே சீமெந்துத் தொட்டியில் வெயிலில் வற்ற விடலாம், மாரிக்குக் கூரை போட்டு. கிணற்றுத் தண்ணீர் கலந்து நிறத்தை இளக்குவது சுத்திகரிப்பல்ல, வெளியேறும் சாயத்தின் எடை அப்படியே இருக்கிறது.

அடியில் படிந்த சேற்றைக் காயவைத்துச் சாக்கில் கட்டி, திகதியும் எடையும் எழுதி வையுங்கள். குப்பை வண்டியில் போடவோ தென்னைக்கு இடவோ வேண்டாம். அதை எங்கே ஒப்படைப்பது என்பதை விண்ணப்பத்தின்போதே கேட்டு, பத்திரத்தின் நிபந்தனையாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.